ஊசியில் விழும் வெயில்

பெங்களூரில் ஒரு மொட்டைமாடித் தொட்டியில் பூத்த சூரியகாந்தியைப் புறஊதாவில் படமெடுத்தேன். கேமராவின் சென்சாருக்கு முன்னால் ஒட்டியிருக்கும் தடுப்புக் கண்ணாடியைக் கழற்றியாயிற்று. கண்ணுக்குத் தெரியும் ஒளியை மறித்துப் புறஊதாவை மட்டும் விடும் என்று சொல்லி விற்ற கரிய ஃபில்டரையும் மாட்டியாயிற்று. படம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் இலைகள் வெள்ளைவெளேரென்று இருந்தன.

புறஊதாவில் இலை கருப்பாகத்தான் விழும். பச்சிலை பனிபோல வெளுப்பது அகச்சிவப்பில். அப்படியானால் ஃபில்டர் எங்கோ ஒழுகுகிறது. தேனீயின் கண்ணுக்குப் பூ இப்படித்தான் தெரியும் என்று அந்தப் படத்தை யாருக்காவது காட்டியிருந்தால் அது முழுப் பொய்.

லென்ஸும் ஃபில்டரும் எந்த ஒளியை விடுகின்றன, எதை விழுங்குகின்றன என்று அளக்க ஆய்வுக்கூடங்களில் நிறமாலைமானி உண்டு. வீட்டில் அதற்கு ஒரு தையல் ஊசி போதும்.

கருப்பு வெல்வெட் துணியின் முன்னால் ஊசியை வெயிலில் நிறுத்த வேண்டும். இரண்டு மீட்டர் தள்ளிக் கேமரா. ஊசியை மெல்ல மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தால் ஒரு கோணத்தில் அதன் உடம்பில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்துக்கு ஒளி சட்டென்று பற்றிக்கொள்ளும். உருண்டையான எஃகு சூரியனை நசுக்கி, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய கோடாக்கிவிடுகிறது. லென்ஸுக்கு முன்னால், மில்லிமீட்டருக்கு 500 கோடுகள் கீறிய கிரேட்டிங் தகட்டைப் பிடித்துக் கேமராவைச் சற்றே பக்கவாட்டில் திருப்பினால், அந்த வெள்ளைக் கோடு வானவில்லாக விரியும். சூரியனை நேராகக் கண்ணாலோ வியூஃபைண்டர் வழியாகவோ பார்க்கவே கூடாது. ஊசியின் மினுக்கத்தையும் திரையில்தான் பார்க்க வேண்டும்.

அந்த வானவில்லில் குறுக்கே கருங்கோடுகள் தெரியும். ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் 1814 வாக்கில் அவற்றை நூற்றுக்கணக்கில் அளந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயர் வைத்தார். சூரியனின் மேலடுக்கில் உள்ள தனிமங்கள் தங்களுக்கு உரிய அலைநீளத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்வதால் விழும் கோடுகள் இவை. இடம் மாறாதவை. ஊதாவின் கடைசியில் கால்சியத்தின் எச், கே இரண்டும் பருமனாக நிற்கும்: 396.8, 393.4 நானோமீட்டர். அதற்கு அப்பால் நம் கண் ஏறத்தாழ நின்றுவிடுகிறது, ஒளி நிற்பதில்லை. 1842-ல் பிரான்சின் எட்மண்ட் பெக்கெரல் அந்தப் பகுதியைப் புகைப்படத் தகட்டில் பிடித்தார். எல் கோடு 382, என் 358, ஓ 344, பி 336. தேனீயின் புறஊதா உணர்வு உச்சத்தில் இருப்பதும் 344 நானோமீட்டரை ஒட்டித்தான். ஆகவே என் கேள்வி சுருக்கமானது: இந்த லென்ஸில் ஓ கோடு தெரிகிறதா?

புதிய ஜூம் லென்ஸை மாட்டினால் எச், கே தாண்டியதுமே நிறமாலை மங்கி அணைந்துவிடுகிறது. பத்துப் பதினைந்து கண்ணாடித் துண்டுகள், அவற்றை ஒட்டும் பசை, மேலே பூசிய பூச்சுகள் ஒவ்வொன்றும் புறஊதாவில் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுகின்றன. ஸ்டூடியோ இருட்டறைகளில் பிரிண்ட் போட வைத்திருந்த பழைய என்லார்ஜர் லென்ஸ், நாலைந்து கண்ணாடியோடு முடிந்துவிடுகிற எளிய பொருள், இன்று பரணில் கிடக்கிறது. அதில் ‘என்’ கோட்டையும் தாண்டி ஒளி வருகிறது. கோடுகள் இன்னொன்றையும் சொல்லும். கே கோடு கூர்மையாக இருக்க, ஓ கோடு கலங்கியிருந்தால், புறஊதாவுக்குக் குவியம் விலகிப்போகிறது என்று பொருள். குவார்ட்ஸும் ஃபுளோரைட்டும் கொண்டு செய்த யூவி-நிக்கோர் 105 மி.மீ. லென்ஸ் தங்க விலைக்குப் போவதற்குக் காரணம், அது 220 நானோமீட்டர் வரை ஒளியை விடுவது மட்டுமல்ல. அவ்வளவு தூரத்துக்கும் அதன் குவியம் நகராது.

ஃபில்டரில்தான் சூட்சுமம் அதிகம். புறஊதாவை விடும் கரிய கண்ணாடியில் பெரும்பாலும் 700 நானோமீட்டரை ஒட்டி ஒரு கசிவு இருக்கும். ஆனால் கிரேட்டிங் ஒவ்வொரு ஒளியையும் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் வீசும். 350-இன் இரண்டாம் வரிசை சரியாக 700-இன் முதல் வரிசைமேல் வந்து விழும். அங்கே தெரியும் வெளிச்சம் கசிவா, நல்ல புறஊதாவின் மறுபதிப்பா? இதைப் பிரித்தறியக் கடையில் கிடைக்கும் சாதாரண ‘யூவி ஃபில்டர்’ உதவுகிறது. பெயர் அப்படியிருந்தாலும் அதன் வேலை புறஊதாவைத் தடுப்பது. அதையும் சேர்த்து மாட்டிப் பார்த்தேன். 700-இல் வெளிச்சம் அப்படியே நின்றது. கசிவேதான். இலை வெளுத்த காரணம் அங்கே பளிச்சென்று இருந்தது.

இந்தக் கே கோடு நமக்குப் புதிதல்ல. கொடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் நூறாண்டுக்கும் மேலாக அந்த ஒரு கோட்டின் ஒளியில் மட்டும் சூரியனைப் படமெடுத்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் தலைமையகம் இங்கே கோரமங்களாவில். அதன் ஹொசகோட்டை வளாகத்துத் தூய அறைகளில்தான் இந்தியாவின் ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் புறஊதாத் தொலைநோக்கி உருவானது. ஆடியில் எண்ணெய்ப் பசையின் மெல்லிய படலம் படிந்தாலும் தொலைபுறஊதா போய்விடும் என்பதால், 2015 செப்டம்பர் 28-ல் ஏவிய பிறகும் உடனே மூடியைத் திறக்கவில்லை. ஆவியாக வேண்டியதெல்லாம் ஆவியாகட்டும் என்று காத்திருந்து நவம்பர் 30-ல்தான் திறந்தார்கள். இந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு இப்போதும் மதிப்பு பொங்குகிறது.

மாடியிலிருந்து எட்ட முடியாத எல்லை ஒன்று உண்டு. எவ்வளவு நல்ல லென்ஸானாலும் 300 நானோமீட்டரை ஒட்டி நிறமாலை இருண்டுவிடும். அங்கே மறிப்பது ஓசோன். அதற்கு அப்பால் சூரியனைப் பார்க்க, இந்தியாவின் ஆதித்யா-எல்1 போன்ற விண்கலம் போக வேண்டியிருந்தது. புனேயின் வானியல் ஆய்வு மையமான ஐயூகாவின் தலைமையில் உருவான அதன் சூட் தொலைநோக்கி 200 முதல் 400 நானோமீட்டர் வரை 11 ஃபில்டர்களில் சூரியனைப் பார்க்கிறது.

கரிய ஃபில்டரோடு அகச்சிவப்பை விழுங்கும் நீலப்பச்சைக் கண்ணாடி ஒன்றைச் சேர்த்து ஊசியின்முன் மறுபடி சோதித்தேன். 700-இல் இருந்த வெளிச்சம் யூவி ஃபில்டரை வைத்ததும் மறைந்தது. என்லார்ஜர் லென்ஸில் ஓ கோடு மெலிதாக, ஆனால் சந்தேகமில்லாமல், நின்றது.

உச்சி வெயில், மறுபடி அதே சூரியகாந்தி. நம் கண்ணுக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் இதழ்களின் நுனி வெளுத்து, அடிப்பகுதி கருத்து, பூவின் நடுவே பெரிய கரிய வட்டம் விழுந்திருந்தது. சுற்றிலும் இலைகள் கரிக்கட்டை நிறத்தில் இருந்தன.