எழுத்தறிந்தாரும் நிரலறிந்தாரும்

இக்காலத்து மாணாக்கர் சிலர், தம் பாடசாலைக்கும் ஊரிலுள்ள சனசமூக நிலையத்துக்கும் தமிழில் இணையத்தளம் அமைக்க முற்படுகின்றனர். போற்றத்தக்க முயற்சி இது. ஆயின், இடையிலே ஓர் இடர் நேர்ந்தவுடன், "தமிழ் கணினிக்கு ஒவ்வாத மொழி" என்று கூறி, ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாரும் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலாவது இடர், தமிழ் தோன்றவேண்டிய இடத்தில் பொருளற்ற இலத்தீன் எழுத்துகள் தோன்றுதல். இதற்குக் காரணம் இரண்டு. ஒருங்குறி எனப்படும் யூனிக்கோட் முறையில் எழுதிய தமிழை, யூ.ரி.எவ்.-8 என்னும் குறிமுறையிற் சேமிக்கின்றனர். பக்கத்தின் தலைப்பகுதியில் அக்குறிமுறையின் பெயரை அறிவியாவிடின், உலாவி அதனைப் பிறிதொன்றாகக் கொண்டு படித்துவிடக்கூடும். அறிவிப்பு ஒருவரி சேர்த்தலே பரிகாரம். மற்றைய காரணம், பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டெழுதியதை அப்படியே ஒட்டுதல். ஆங்கு உள்ளே இருப்பன உண்மையில் இலத்தீன் எழுத்துகளே; எழுத்துருவே அவற்றுக்குத் தமிழ் வேடம் இட்டது. எத்துணை அறிவிப்புச் சேர்ப்பினும் அது தமிழாகாது. ஒருங்குறிக்கு மாற்றுதலே வழி. நோய்க்குறி ஒன்றுபோலத் தோன்றினும் நோய்முதல் வேறாதல் காண்க.

இரண்டாவது, எழுத்தெண்ணும் இடர். "தமிழ்" என்னுஞ் சொல்லுக்கு எழுத்து மூன்று என்பது இளஞ்சிறாரும் அறிந்தது. கணினியோ ஐந்து என்கின்றது. தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என அது தனித்தனி எண்ணுதலே காரணம். யூ.ரி.எவ்.-8 முறையில் இவ்வைந்தும் மும்மூன்று பைற்று பெறுதலின், சேமிக்கும் இடம் பதினைந்து பைற்று ஆகின்றது. எனவே, ஒரு செய்தித் தலைப்பை இத்தனை எழுத்தோடு நிறுத்துக என நிரலுக்குக் கட்டளையிட்டால், அது புள்ளியை வெட்டி எறிந்து, மெய்யை உயிர்மெய்யாக்கி நிறுத்திவிடுதலும் உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் "செக்மென்ரர்" என்றொரு கருவி உளது. அது க், கி, கூ என்பனவற்றை ஒவ்வோர் அலகாகவே கொள்ளும். 2024ஆம் ஆண்டு முதல் பெரிய உலாவிகள் யாவும் அதனை ஏற்றுள்ளன.

மூன்றாவது, தேடற்கண் நிகழும் இடர். "கொ" என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். முன்னும் பின்னும் வரும் இரு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு. சேமிக்கும்போதும் தேடும்போதும் "நோர்மலைஸ்" என்னும் கட்டளையால் ஒருவடிவப்படுத்தின் இது தீரும். ஆனால் ஒளகாரத்தில் வரும் பிழை அத்தகையதன்று. கௌரி என்னும் பெயரை எழுதப்புகுந்தார் ஒருவர், ஒளகாரக்குறிக்கு மாறாக எகரக்குறியும் ளகரமும் இட்டுக் "கெளரி" என எழுதிவிடுவர். ளகரம் தனியெழுத்தாதலின் ஒருவடிவப்படுத்துங் கட்டளை இதனைத் திருத்தாது. பெயர்ப்பட்டியலில் இருந்தும் அம்மாணவி தேடியகாலை அகப்படாள். கண்பார்வையற்றார்க்குப் படித்துக்காட்டும் கருவியும் அவள் பெயரைத் திரித்தே ஒலிக்கும். இங்கு வேண்டப்படுவது எழுத்திலக்கணம் அறிந்தாரின் கண்ணேயாம்.

நான்காவது, அகரவரிசை இடர். ஒருங்குறி அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்கின்றது. ளகரம் ழகரத்துக்கு முன் நிற்கின்றது. அவ்வெண்வரிசையையே பின்பற்றும் நிரல், "மலர்" என்பதன் முன் "மனம்" என்பதை வைக்கும். நம் நெடுங்கணக்கிலோ லகரம் முந்தியது, னகரம் இறுதியது. வரிசைப்படுத்தும் கட்டளையிடும்போது மொழி தமிழ் என்று குறிப்பிடின் இப்பிழை நீங்கும். குறிப்பிடாது விட்டவர் பிழையை மொழியின்மேல் ஏற்றுதல் முறையன்று.

இவ்விடர்களுள் பெரும்பாலனவற்றுக்குத் தீர்வு முன்னரே கண்டு வைத்தாருளர். நிரலாளர் பலர் இணையவழி ஒன்றுகூடி, ஒருவர் வினாவ மற்றவர் விடையிறுப்பது வழக்கம். எனினும், "என் பக்கம் வேலை செய்யவில்லை" என்று மட்டும் கூறுவார்க்கு எவர்தாம் விடை கூறவல்லார்? உள்ளிட்டது யாது, எதிர்பார்த்தது யாது, கிடைத்தது யாது என்னும் மூன்றனையும் வினாவுவார் கூறல்வேண்டும். நீண்ட நிரலை முழுதும் காட்டாது, பிழை தோன்றுதற்கு வேண்டிய சில வரிகளை மாத்திரம் காட்டல்வேண்டும். நம் உரையாசிரியர் சூத்திரப்பொருளை உதாரணங்காட்டி விளக்கிய நெறியும் இதுவன்றோ? அவ்வாறு சுருக்கிக் காட்ட முயலும்போதே, தம் பிழையைத் தாமே கண்டுகொள்வாரும் பலர்.

விடைபெற்றபின் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஆசிரியர்பாற் கேட்டதனால் வருவது காற்பங்கு, உடன்பயில்வாரோடு பழகுதலால் வருவது மற்றொரு காற்பங்கு, பிறர்க்கு விரித்துரைத்தலால் வருவது எஞ்சிய அரைப்பங்கு எனக் கல்வி நிரம்பும் வகையை நன்னூல் வகுத்துள்ளது. விடை பெற்றதோடு அமைந்தவர் அவ்வரைப்பங்கை இழந்தவராவர். தாம் கண்ட தீர்வைத் தமிழிலே எழுதிவைப்பின், பின்வரும் மாணாக்கர்க்கு அது கைவிளக்காகும்.

ஆதலின், தமிழ் கணினிக்கு ஒவ்வாதது என்பது பொருந்தாக் கூற்று. எழுத்தின் இயல்பை நிரலறிந்தார் அறியாமையும், நிரலின் இயல்பை எழுத்தறிந்தார் வினவாமையுமே குறை. கல்லூரிகள்தோறும் தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் ஒரு மேசையில் அமர்ந்து, தம் பாடசாலைப் பெயர்ப்பட்டியல் ஒன்றையேனும் சேர்ந்து சோதிப்பார்களாயின், அக்குறையில் ஒருபாதி அன்றே தீரும்.