இரவுக் கபடிக்கு எந்தக் கேமரா?

கபடியில் ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. அதில் பெரும்பகுதி பாவனையிலேயே கழிந்துவிடும். ரெய்டர் பக்கவாட்டில் நகர்வார், காலை நீட்டுவார், சட்டென்று இழுத்துக்கொள்வார். எதிரணியில் ஒருவர் கணுக்காலைப் பற்றியதும் மற்றவர்கள் மேலே விழ, அத்தனை பேரையும் இழுத்துக்கொண்டு அவர் நடுக்கோட்டை நோக்கி உடம்பை வீசுவாரே, அந்த அரை வினாடிதான் ஆட்டம். திருவிழாவில் கம்பம் நட்டு விளக்குக் கட்டி நடத்தும் இரவுப் போட்டிகளில் அந்த அரை வினாடியை எத்தனையோ பேர் கைபேசியில் எடுக்கிறார்கள். படத்தில் விளக்கு தெரிகிறது, கூட்டம் தெரிகிறது. ஆடியவரின் முகம் மட்டும் கலங்கிக் கிடக்கிறது.

மாவட்ட அளவிலும் அதற்குக் கீழேயும் ஆடும் பிள்ளைகள் பலரிடம் தாங்கள் ஆடுவதைத் தெளிவாகக் காட்டும் படம் ஒன்றுகூட இல்லை. பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் அந்த மைதானங்கள் பக்கம் வருவது அபூர்வம். வீட்டில் அண்ணனோ, பயிற்சியாளரோ, உடற்கல்வி ஆசிரியரோ எடுத்தால்தான் உண்டு. கையில் அளவான பணத்தை வைத்துக்கொண்டு எந்தக் கேமரா வாங்குவது என்று யோசிக்கும் அவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் போனால் முதலில் காட்டுவது மெகாபிக்சலும் ஜூமும். மெகாபிக்சலைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஏ4 தாளில், அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்தில் அச்சடிக்க 87 லட்சம் பிக்சல் போதும். பத்தாண்டுப் பழைய கேமராவும் அதைப் போல இரண்டு மடங்கு தரும். ஜூம் கொஞ்சம் ஏமாற்றக்கூடியது. 2015-இல் வந்த நிக்கான் பி900 கேமராவில் 83 மடங்கு ஜூம் உண்டு. நிலாவையும் பகலில் மரத்தில் அமர்ந்த பறவையையும் அது அருமையாக எடுக்கும். ஆனால் அதன் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலமும் 4.6 மி.மீ. உயரமும்தான். சாதாரண டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் ஏ.பி.எஸ்.சி. சென்சார் பரப்பளவில் அதைப்போலப் பன்னிரண்டு, பதின்மூன்று மடங்கு பெரியது. இரவு ஆட்டத்தில் எல்லாமே ஒளிப் பஞ்சம்தான். கிடைக்கும் கொஞ்ச ஒளியைப் பெரிய சென்சாரில், அகன்ற லென்ஸ் வழியாக வாங்கினால்தான் படம் தேறும்.

ஒரு சின்னக் கணக்கு. தொட வரும் ரெய்டரின் கை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் நீள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/80 வினாடி திறந்திருந்தால் அதற்குள் கை 10 செ.மீ. நகர்ந்துவிடும், படத்தில் விரல் இருக்காது, கோடுதான் இருக்கும். 1/800 வினாடி என்றால் 1 செ.மீ. நகர்வு, விரல் விரலாகவே தெரியும். இரவுக் கபடிக்கு 1/500-க்குக் கீழே இறங்கவே கூடாது, 1/800 கிடைத்தால் நல்லது.

ஷட்டர் அவ்வளவு வேகமாக மூடினால் ஒளி போதாது. அதை ஈடுகட்ட லென்ஸின் துளை பெரிதாக இருக்க வேண்டும். கேமராவுடன் சேர்த்துத் தரும் 18-55 லென்ஸ், ஜூமை முழுக்க இழுத்தால் எஃப்/5.6 அளவுக்குத்தான் திறக்கும். தனியாக விற்கும் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், அதைவிடப் பத்து மடங்கு ஒளியை உள்ளே விடும். எஃப் எண் சிறியதானால் துளை பெரியது. ஒளி அந்த எண்களின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும், 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் ஏறத்தாழ 9.7 வரும். ஆக, ஒரே விளக்கில், ஒரே ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்வு) அளவில், 50 மி.மீ. லென்ஸ் 1/800-இல் எடுக்கும் படத்தை 18-55 லென்ஸ் 1/80-இல்தான் எடுக்க முடியும். மேலே சொன்ன விரலும் கோடும் இந்த இரண்டு லென்ஸுக்கும் உள்ள வித்தியாசம். கேமராவை மாற்றத் தேவையில்லை.

ஐ.எஸ்., வி.ஆர். என்று லென்ஸின் மேல் எழுதியிருக்கும் அதிர்வுத் தடுப்பை நம்பி வாங்குபவர்களும் உண்டு. அது நம் கை நடுங்குவதைத்தான் சரிசெய்யும். எதிரே ஓடுபவரை அது நிறுத்தாது.

அப்படியானால் தொலைவு? கேமரா நிறுவனங்களின் 70-200 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ்தான் விளையாட்டுப் புகைப்படக்காரர்களின் அன்றாடக் கருவி. புதிதாக வாங்கினால் ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும். இங்கேதான் கபடி நமக்குக் கைகொடுக்கிறது. ஆண்கள் களம் மொத்தமே 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். கிரிக்கெட்டில் எல்லைக் கோட்டிலிருந்து மட்டையாளர் 60, 70 மீட்டர் தள்ளி நிற்பார். கபடியில் பின்கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நடுக்கோடே எட்டரை மீட்டர்தான். அங்கிருந்து கேனான் ஏ.பி.எஸ்.சி. கேமராவில் 85 மி.மீ. லென்ஸைப் போட்டுக் கேமராவை நிமிர்த்திப் பிடித்தால், நடுக்கோட்டில் சுமார் 2.2 மீட்டர் உயரமும் ஒன்றரை மீட்டர் அகலமும் சட்டத்துக்குள் வரும்: ஒரு ஆள் முழுதாக. 50 மி.மீ. லென்ஸில் இதே சட்டம் 5 மீட்டரில் கிடைக்கும். அதே 50 மி.மீ. லென்ஸோடு பின்கோட்டுக்கு வெளியே இருந்தபடியே கேமராவைப் படுக்கையாகப் பிடித்தால் நடுக்கோட்டில் 3.8 மீட்டர் அகலம், அதாவது பிடித்துத் தொங்கும் நாலைந்து பேரும் சேர்ந்தே அடங்குவார்கள்.

உட்காரும் இடத்துக்கு என் தேர்வு பின்கோட்டின் ஒரு மூலை. உங்கள் பக்கத்துப் பாதிக்குள் வரும் ரெய்டர் உங்களைப் பார்த்துத்தான் வருவார். எதிர்ப் பாதிக்குப் போனவர் பிடியை உதறிக்கொண்டு நடுக்கோட்டுக்குத் திரும்பும்போதும் முகம் உங்கள் பக்கம்தான் இருக்கும். ஒரே இடத்திலிருந்து இரண்டு அணியின் முகங்களும் கிடைக்கும். பக்கக்கோட்டின் நடுவில் உட்கார்ந்தால் தோளும் முதுகும்தான் அதிகம் சிக்கும். நடுவரிடமும் ஏற்பாட்டாளர்களிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். ஆட்டக்காரர்கள் கோட்டைத் தாண்டி வந்து விழுவார்கள் என்பதால் எழுந்து ஒதுங்கும்படி குத்துக்காலிட்டு உட்காருவது இருவருக்கும் பாதுகாப்பு.

அகன்ற துளைக்கு ஒரு விலை உண்டு. எஃப்/1.8-இல், ஒரு ஆள் முழுதாக அடங்கும் தொலைவுகளில், தெளிவாக இருக்கும் ஆழம் முன்னும் பின்னும் சேர்த்துச் சுமார் இரண்டடிதான். ரெய்டர் ஒரு எட்டு வைத்தாலே தெளிவு அவரை விட்டு நழுவிவிடும். அதனால் அடுத்து காசு கொடுக்க வேண்டியது ஆட்டோ ஃபோகஸுக்கு. டி.எஸ்.எல்.ஆர். கேமராக்கள் லென்ஸின் இரு ஓரங்களிலிருந்து வரும் ஒளியை ஒப்பிட்டு, தெளிவு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடும். மலிவான சிறிய கேமராக்கள் பல, லென்ஸை முன்னும் பின்னும் ஆட்டிப் பார்த்தே தெளிவைத் தேடும்; ஓடும் ஆளிடம் அது பலிக்காது. ஃபேஸ் டிடெக்ட் என்று சொல்லப்படும் முதல் முறை இப்போது நல்ல மிரர்லெஸ் கேமராக்களின் சென்சாரிலேயே இருக்கிறது. கண்ணையும் முகத்தையும் தானே தேடிப் பின்தொடர்வது அவற்றின் கூடுதல் பலம்.

வினாடிக்கு எத்தனை படம் என்ற எண் மூன்றாமிடத்தில்தான் வர வேண்டும். கேனான் 1500டி வினாடிக்கு 3 படம் எடுக்கும். நம் அரை வினாடியில் ஒன்றோ இரண்டோ. 2014-இல் வந்த 7டி மார்க் 2 வினாடிக்கு 10 எடுக்கும். ஆனால் எடுத்த படங்களை அட்டையில் எழுத நேரம் பிடிக்கும். அதுவரை அவை கேமராவுக்குள் இருக்கும் பஃபர் நினைவகத்தில் தங்கும். புனலில் ஊற்றும் எண்ணெய் போலத்தான்: கீழே இறங்குவதைவிட வேகமாக ஊற்றினால் விளிம்பு வரை வந்து நின்றுவிடும். நிக்கான் டி7100 மற்ற எல்லாவற்றிலும் நல்ல கேமரா. அதன் பஃபர் மட்டும் ரா கோப்பு எடுத்தால் ஒரு வினாடியிலேயே நிரம்பித் திணறும். அடுத்து வந்த டி7200 அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

விளம்பரங்களில் அதிகம் பேசாத, ஆனால் இரவு மைதானத்தில் பெரும் தொல்லை தரும் விஷயம் விளக்கின் துடிப்பு. நம் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒரு சுற்றில் இரண்டு முறை உச்சத்துக்கு ஏறி இறங்குவதால், மெட்டல் ஹாலைடு விளக்குகளும் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் வினாடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஜெனரேட்டரில் எரிந்தாலும் இதே கதைதான். கண்ணுக்கு இது தெரியாது. 1/800 வினாடி மட்டும் திறக்கும் ஷட்டருக்கு நன்றாகத் தெரியும். தொடர்ச்சியாக எடுத்த ஐந்து படங்களில் ஒன்று பளிச்சென்றும், அடுத்தது மங்கியும், அதற்கடுத்தது மஞ்சள் பூத்தும் இருக்கும். கேமரா பழுது என்று பலர் பயந்துபோவது இதைப் பார்த்துத்தான். விளக்கின் துடிப்பை அளந்து, உச்சத்தில் இருக்கும்போது மட்டும் ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனான் 7டி மார்க் 2 கேமராவில் கொண்டுவந்தது. நிக்கான் டி500-இலும் அது உண்டு. பட்டியலில் இதைத் தேடிப் பார்த்து வாங்குங்கள். மிரர்லெஸ் வைத்திருப்பவர்கள் இரவில் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட வேண்டும். அதில் சென்சார் வரிவரியாகப் படிக்கப்படுவதால் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கருப்பு விழும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், குறைந்த செலவில் என் முதல் தேர்வு செகண்ட் ஹேண்டில் ஒரு 7டி மார்க் 2, அதனுடன் 50 மி.மீ. எஃப்/1.8 எஸ்.டி.எம். லென்ஸ். பிறகு பணம் சேரும்போது 85 மி.மீ. எஃப்/1.8. கல்யாணப் புகைப்படக்காரர்கள் மிரர்லெஸ்ஸுக்கு மாறிவருவதால் பழைய டி.எஸ்.எல்.ஆர். பாடிகள் சந்தைக்கு நிறைய வருகின்றன. நிக்கான் பக்கம் டி7200. அதன் பாடிக்குள்ளேயே ஃபோகஸ் மோட்டார் இருப்பதால் பழைய டி வகை லென்ஸ்களும் வேலை செய்யும். டி3500, டி5600 கேமராக்களில் அந்த மோட்டார் இல்லை, அதே லென்ஸைக் கையால்தான் திருகிச் சரிசெய்ய வேண்டும். விலை குறைவு என்று பழைய லென்ஸை வாங்குமுன் இதைக் கவனியுங்கள். புதிதுதான் வேண்டும் என்பவர்களுக்குக் கேனான் ஆர்50 நல்லது. அடாப்டர் ஒன்று சேர்த்தால் பழைய இ.எஃப். லென்ஸ்கள் எல்லாம் அதில் ஓடும்.

பழையதை வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்று கேளுங்கள். 7டி மார்க் 2 ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. நிக்கானில் அந்த எண்ணிக்கை படக் கோப்பிலேயே பதிவாகியிருக்கும். கேனானில் பலவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். லென்ஸை இருட்டில் பிடித்துப் பின்பக்கமிருந்து கைபேசி டார்ச்சை அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இது சகஜம். என்ன விலை குறைத்தாலும் அந்த லென்ஸ் வேண்டாம். வாங்கிய பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் உங்கள் லென்ஸுக்கு அந்தக் கதி வராது.

பகல் ஆட்டங்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. வெயிலில் 55-250 மி.மீ. போன்ற மலிவான ஜூம் லென்ஸே தாராளம். பழைய, மெதுவான கேமராதான் கையில் இருக்கிறது என்றால் வாலிபால் எடுத்துப் பழகலாம்: ஸ்பைக் அடிக்க எழும்புபவர் உச்சத்தை எட்டும் கணத்தில் மேலே போவதும் இல்லை, கீழே வருவதும் இல்லை. அந்தக் கணத்தில் அழுத்தினால் மெதுவான ஷட்டரும் உடம்பைத் தெளிவாகப் பிடிக்கும். ரேக்ளா பந்தயத்தில் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். ஷட்டரை 1/60-க்கு இறக்கி, வண்டியோடு கேமராவையும் ஒரே சீராகத் திருப்பிக்கொண்டே எடுத்தால் மாடுகள் தெளிவாகவும் பின்னணி கோடு கோடாகவும் வரும். வேகம் படத்திலேயே தெரியும்.

இரவுக் களத்துக்குப் போனால் ஷட்டர் 1/800, துளை எஃப்/2 அல்லது எஃப்/1.8, ஐ.எஸ்.ஓ. தானியங்கி, மேல்வரம்பு 6400. ஃபோகஸ், கேனானில் ஏ.ஐ. செர்வோ, நிக்கானில் ஏ.எஃப்.-சி. படத்தில் பொரி (நாய்ஸ்) விழுந்தால் விழட்டும். பொரியை மென்பொருளில் குறைத்துவிடலாம், கலங்கிய முகத்தை மீட்க முடியாது. ஆட்டம் தொடங்குமுன் அணிகள் உடம்பைச் சூடாக்கும்போதே நாலு படம் எடுத்துத் திரையில் பெரிதாக்கிக் கண்ணைப் பாருங்கள். எடுத்த படத்தைப் பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது டாக்குமென்டாக அனுப்புங்கள். போட்டோவாக அனுப்பினால் சுருக்கிவிடும், பிறகு அவர்கள் வீட்டில் பெரிதாக அச்சடித்து மாட்ட முடியாது.