அப்பாவின் சாகாவுக்கு எந்த ரிம், எந்த டயர்?

இரண்டு தீபாவளிக்கு முன், சித்தியவானில் உள்ள பாட்டி வீட்டுக்குப் போகும் வழியில் பீடோரைத் தாண்டியதும் காரை ஓரங்கட்டினோம். ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் ‘கிர்ர்...’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில் விரல் நீளத்துக்கு வெட்டு. மட்கார்டின் உள்விளிம்பு கத்திபோல் அறுத்திருந்தது. காரில் ஐந்து பேர், பூட்டில் முறுக்கு டின்கள். நெடுஞ்சாலையில் 110-இல் வந்துகொண்டிருந்தபோது அது வெடித்திருந்தால்?

கார், அப்பா முதன்முதலில் வாங்கிய 1.3 புரோட்டோன் சாகா. சாகா அறிமுகமானது 1985 ஜூலை 9-இல். அந்த முதல் தலைமுறைக் கார்கள் இன்று 40 வயதைத் தொட்டுவிட்டன. அப்பா காலத்துக் காரைத் துடைத்து, சாயம் அடித்து மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் பிள்ளைகள் நம்மிடையே பெருகிவருகிறார்கள். அவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் ரிம்மில்தான். என் தம்பியும் அப்படித்தான், 7 அங்குல அகலமுள்ள 15 அங்குல ஸ்போர்ட் ரிம் போட்டு, அதில் 195/55 ஆர்15 டயரை மாட்டியிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

டயரில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். எங்கள் சாகாவின் பழைய அளவு 155/80 ஆர்13. 155 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 80 விழுக்காடு என்பதைக் குறிக்கிறது. அதாவது 124 மி.மீ. ‘ஆர்’ என்றால் ரேடியல். 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். பக்கச் சுவர் மேலும் கீழுமாக இரண்டு முறை வரும். ரிம்மின் 330 மி.மீட்டரோடு அதைக் கூட்டினால் முழு விட்டம் சுமார் 578.

இந்த 578-ஐ மனத்தில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 175/70 ஆர்13 என்றால் 575. 185/60 ஆர்14 என்றாலும் 578-தான். 195/50 ஆர்15 போட்டால் 576. ரிம் பெரிதாகப் பெரிதாகப் பக்கச் சுவர் குட்டையாகிறது, முழு விட்டம் மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. தம்பி போட்ட 195/55-இல் அது 595-ஐத் தாண்டிவிடும், 3 விழுக்காடு கூடுதல். மீட்டர் முன்பு சரியாகக் காட்டியது என்று வைத்துக்கொண்டால், இப்போது அது 110 காட்டும்போது கார் உண்மையில் 113-இல் ஓடும். சம்மன் வந்த பிறகு மீட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் எங்கள் டயரை அறுத்தது விட்டம் மட்டுமல்ல, ஆஃப்செட்டும்தான். ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது காரோடு பொருந்தும் முகத்துக்கும் உள்ள தூரம் அது. ‘இடி’ என்ற எழுத்துகளோடு ரிம்மில் பொறித்திருக்கும். அந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். இடி 38-க்குப் பதில் இடி 20 போட்டால் 18 மி.மீ. வெளியே வரும். கடையில் கார் காலியாக நிற்கும்போது ஒன்றும் தெரியாது. பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து ஸ்பிரிங் அமுங்கும்போதுதான் வேலையைக் காட்டும். ஆகவே ஆட்களை ஏற்றிப் பாருங்கள், ஸ்டீரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்துப் பாருங்கள். டயர் மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே தொல்லை வேறு.

அடுத்தது போல்ட் துளைகள். பழைய சாகாவுக்கு நான்கு துளை, 114.3 மி.மீ. வட்டம். மைவியின் ரிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது 100 மி.மீ. வட்டம், பொருந்தாது. புதிதாகத் துளை போட்டுத் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் உண்டு. அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். நான்கு போல்ட்டுகளை நம்பித்தான் முழுக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது.

பழைய காருக்கே உரிய இன்னொரு ஆபத்தும் உண்டு. அதிகம் ஓடாததால் டயரின் பூ புதிதாகவே தெரியும், ரப்பரோ கெட்டியாகி வெடிப்பு விட்டிருக்கும். சிங்கப்பூரில் கிளாசிக் திட்டத்தின்கீழ் ஆண்டில் குறிப்பிட்ட நாள்களே ஓடும் கார்களுக்கு இது இன்னும் பொருந்தும். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. ‘புதுசு’ என்று கடைக்காரர் சொன்னாலும் குனிந்து பார்த்துவிடுங்கள். (மோரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய கிராஸ்பிளை டயரையும் ரேடியலையும் ஒரே அச்சில் கலந்து மாட்டாதீர்கள்.)

எங்கள் வீட்டில் முடிவு செய்தது அம்மாதான். எங்கள் சாகாவில் பவர் ஸ்டீரிங் கிடையாது. அகல டயர் போட்ட பிறகு சந்தையில் காரை நிறுத்த ஸ்டீரிங்கைத் திருப்ப முடியாமல், அம்மா ஓட்டுவதையே விட்டிருந்தார். யாரிடமும் சொல்லவில்லை. பீடோருக்குப் பிறகுதான், “முன்னமே சொல்லலாம்னு இருந்தேன்யா, உன் ஆசையைக் கெடுக்க வேணாம்னு விட்டுட்டேன்” என்றார்.

இப்போது பழைய இரும்பு ரிம்மும் 175/70 ஆர்13 டயரும். இந்த அளவு இன்னும் கிடைக்கிறது, விலையும் கையைக் கடிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் அம்மாவே காரை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போகிறார். தம்பி, 114.3 துளை வட்டத்தில் நல்ல 14 அங்குல ரிம் ஒரு செட் தேடிக்கொண்டிருக்கிறான். அப்பா இன்னும் சரி என்று சொல்லவில்லை.