சாது மேற்றிராணியார்

மத்திய அமெரிக்காவிலுள்ள எல் ஸால்வடாரில் 1977-ம் வருஷம் ஆஸ்கார் ரொமேரோ அதிமேற்றிராணியாரானபோது செல்வர்கள் மகிழ்ந்தார்கள். புத்தகப் பிரியர், சாது; தொல்லை தரமாட்டார் என்பது அவர்கள் கணக்கு. (வகுப்பில் நாமும் சாதுப் பிள்ளைகளை இப்படித்தான் எடை போடுகிறோம்!)

சில வாரங்களுக்குள், குடியானவர்களுக்காகப் பாடுபட்ட அவருடைய நண்பர் ருட்டீலியோ கிராண்டே என்னும் குருவானவர் சுட்டுக் கொல்லப்பட்டார். உடனிருந்த கிழவரும் சிறுவனும் மாண்டனர். அதன் பின்பு ரொமேரோ வாய் மூடவில்லை. கொலையுண்டவர்கள், காணாமற் போனவர்கள் பெயர்களை ஞாயிறு பிரசங்கத்தில் சொன்னார். வானொலி அதைக் குடிசைகளுக்குக் கொண்டு சென்றது. 1980 மார்ச்சு 23-ம் தேதி, கொல்லும்படி உத்தரவு வந்தால் கீழ்ப்படிய வேண்டாமென்று சிப்பாய்களிடமே சொல்லிவிட்டார்.

மறுநாள் மாலை, புற்றுநோய் ஆஸ்பத்திரிக் கோவிலில் பூசை நடத்துகையில் குண்டு பாய்ந்தது.

2018-ல் ரோமாபுரி அவரை அர்ச்சியசிஷ்டராக அறிவித்தது. அன்றுவரை அக்கொலைக்காகக் குற்றவியல் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர் ஒருவருமில்லை.