ஓடும் வண்டியில் ஒழுகும் தொட்டி

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் வழியாகப் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன்களைக் கவனித்துப் பாருங்கள். கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, பாத்திரங்களோடு, கூரைக் கேரியரிலோ பின்பக்கத்திலோ ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஏறியிருக்கும். 100 லிட்டரோ 200 லிட்டரோ பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி. எந்தக் கம்பெனி செய்ததானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் சின்டெக்ஸ்தான். மலைக்கு அந்தப் பக்கம், 2021இல் கேரள அரசு கேரவன் சுற்றுலாக் கொள்கையை அறிவித்தது; வாகமணில் கேரவன் பூங்காவும் வந்தது. படுக்கையும் சமையல் மேடையும் உள்ள அந்த வகை வண்டிகளில் தொட்டி கண்ணிலேயே படாது. கட்டிலுக்கு அடியிலோ தரைக்குக் கீழேயோ தட்டையாகப் படுத்திருக்கும்.

எந்த வண்டியானாலும் புகார் ஒன்றுதான்: "தண்ணி நிக்க மாட்டேங்குதுண்ணே." கையோடு ஓர் எம்-சீல் வாங்கி, பிசைந்து, சொட்டும் இடத்தில் அப்பிவிட்டுக் கிளம்புவார்கள். குமுளி ஏறுவதற்குள் மறுபடி சொட்டும். ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். ஒரு டீக்குள் அடங்காது, இன்னொன்றும் சொல்லிவிடுங்கள்.

முதலில் ஒட்டாததற்குக் காரணம். தொட்டியின் ஓரத்தில் பிளேடால் நகக்கண் அளவு சீவி, இந்தத் தண்ணீர் டம்ளரில் போடுங்கள். மிதக்கிறதா? அப்படியென்றால் அது பெரும்பாலும் பாலிஎத்திலீன். பி.வி.சி. என்றால் நேரே அடியில் போய் உட்கார்ந்துவிடும். அதே சீவலைக் குறட்டில் பிடித்துக் கொளுத்தினால் மெழுகுவர்த்தி அணைந்த வாடை வரும். அந்த வாடை தற்செயல் கிடையாது. மெழுகும் பாலிஎத்திலீனும் ஒரே குடும்பம். கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த சங்கிலி மெழுகில் குட்டை, இதில் மிக நீளம். 1933இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. ஆய்வகத்தில் கிப்சனும் ஃபாசெட்டும் வேறொன்றைத் தேடி எத்திலீன் வாயுவை அழுத்திக்கொண்டிருந்தபோது பாத்திரத்தில் படிந்து கிடைத்ததும் மெழுகு போன்ற வெள்ளைப் பொருள்தான். மெழுகின் மேல் எந்தப் பசை நிற்கும்? எம்-சீல் போன்ற எபாக்ஸிகள் இரும்புக் குழாயைக் கெட்டியாகப் பிடிக்கும். பாலிஎத்திலீனில் இறுகி உட்கார்ந்திருக்கும், ஆனால் பிடித்திருக்காது. வண்டி குலுங்கியதும் வில்லையாகக் கழன்று கையில் வரும். ஃபெவிக்விக்கும் சிலிகானும் அப்படித்தான்.

வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தொட்டியும் இதே சரக்குதான். பாலிஎத்திலீன் பொடியை அச்சுக்குள் கொட்டி, சூளையில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாகச் சுழற்றி உருக்கிச் செய்கிறார்கள். பொடி உருகிச் சுவரெங்கும் படிந்துகொள்வதால் மூட்டே இல்லாத தொட்டி வந்துவிடும். இந்திய தர நிர்ணயத்தில் இதற்கு ஐ.எஸ். 12701 என்று எண் உண்டு. ஆனால் அந்தத் தரம் ஓரிடத்தில் நிற்கும் தொட்டிக்கானது. போடிமெட்டு ஏற்றத்தின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் அது கணக்கில் எடுத்திருக்காது.

ஓடும் தொட்டி ஒழுகுவதற்கான காரணங்கள் வேறு. பாதி நிரம்பிய 200 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது 100 கிலோ தண்ணீர். ஒவ்வொரு வளைவிலும் ஒவ்வொரு பிரேக்கிலும் அந்த 100 கிலோ ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய் மோதும். நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அசைய இடம் இருக்காது. காலித் தொட்டியில் அசையத் தண்ணீர் இருக்காது. பாதித் தொட்டிதான் சுவரைக் கொல்கிறது. அடுத்து, தொட்டி உட்கார்ந்திருக்கும் இடம். பலரும் ஆங்கிள் இரும்பில் சட்டம் அடித்து அதன் மேல் நேரே தூக்கி வைக்கிறார்கள். மொத்த எடையும் இரும்பின் விளிம்பில் ஒரு கோடாக இறங்கும். விரிசல் அந்தக் கோட்டிலேயே விழும். பிறகு காற்றுக் குழாய். பெரிய ஹோஸை மாட்டி மோட்டார் போட்டு நிரப்பும்போது, உள்ளிருக்கும் காற்று வெளியேறும் துளை சின்னதாகவோ அடைத்தோ இருந்தால் தொட்டி உப்பும். தட்டைத் தொட்டிகளின் மூலைகள் இப்படி உப்பி உப்பித்தான் விடுகின்றன.

இவை எல்லாவற்றையும்விட அடிக்கடி நடப்பது வேறொன்று. தொட்டியில் குறையே இருக்காது. தொட்டியில் குழாயைப் பொருத்தும் டேங்க் நிப்பிளின் வாஷர் காய்ந்திருக்கும், அல்லது ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். ஆகவே வெல்டிங்காரரைத் தேடுவதற்கு முன் ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். சொட்டும் இடமும் ஒழுகும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். மேல் மூலையில் கசிந்த தண்ணீர் சுவரோடு ஊர்ந்து, சட்டத்தில் இறங்கி, எதிர்ப்பக்கத்து போல்ட்டில் வந்து சொட்டும்.

இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் கசிவு பற்றிப் பேச்செடுத்தால் அது முல்லைப் பெரியாறு அணைக்குப் போகாமல் இருக்காது. போகட்டும், அங்கே செய்வது நமக்கும் உதவும். ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் கட்டி, 1895இல் முடித்த அணை அது. 1979இல் நீர்மட்டத்தை 136 அடிக்கு இறக்கினார்கள். மேலே கான்கிரீட் தொப்பி, உடலுக்குள் கம்பிவட நங்கூரம், முதுகுப்புறம் கான்கிரீட் முட்டு என்று அடுத்தடுத்துப் பலப்படுத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்க அனுமதித்தது. ஆய்வுக்குப் போகிறவர்கள் இன்றும் சுரங்கக் காலரிக்குள் இறங்கிக் கசிவு நீரை அளக்கிறார்கள். அந்த அளவை அன்றைய நீர்மட்டத்தோடு சேர்த்துத்தான் படிக்கிறார்கள். எந்த மட்டத்தில் எவ்வளவு கசிகிறது என்று தெரிந்தால்தான் கசிவின் குணம் தெரியும்.

தொட்டிக்கும் அதையே செய்யுங்கள். எல்லா வால்வையும் அடைத்து, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கழுத்து வரை நிரப்புங்கள். வெளிச்சுவரில் மார்க்கர் பேனாவால் நீர்மட்டத்தைக் கோடு போட்டுவிட்டு, காலையில் வந்து பாருங்கள். இறங்கிய தண்ணீர் ஓர் உயரத்தில் நின்றிருந்தால் ஓட்டை அந்த உயரத்தில்தான் இருக்கிறது. முழுக்க வடிந்திருந்தால் அடியிலோ வெளியேறும் நிப்பிளிலோ இருக்கும். கொஞ்சமும் இறங்கவில்லை, ஆனால் பம்ப் போட்டால் தரை நனைகிறது என்றால் தொட்டியை விட்டுவிடுங்கள். பம்புக்கு அப்பால் குழாயில் தேடுங்கள். உயரம் தெரிந்த பிறகு அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி விடுங்கள். பவுடர் முதலில் நனைந்து கறுப்பது எங்கே என்று பார்த்தால் அதுதான் இடம். மயிர்க்கோடு போன்ற விரிசலின் நீளம் கண்ணுக்குத் தெரியாது. மேலே பேனா மையைத் தேய்த்துத் துடைத்தால் விரிசலுக்குள் போன மை மட்டும் நின்று, இரண்டு முனைகளையும் காட்டிக்கொடுக்கும்.

நிப்பிள்தான் குற்றவாளி என்றால் வேலை சுலபம். கழற்றி, தொட்டிச் சுவரின் இரண்டு பக்கமும் பிசிறு இல்லாமல் வழித்து, புது ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்கள். கையால் முழுக்க இறுக்கிவிட்டு ஸ்பேனரால் கால் சுற்று, அவ்வளவுதான். ஒழுகுகிறதே என்ற ஆத்திரத்தில் பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் ஓட்டையைச் சுற்றி நட்சத்திரமாக விரிசல் கிளம்பும். டெஃப்லான் டேப் குழாய் மரைக்குத்தான். வாஷர் அழுந்தும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

சுவரே விரிந்திருந்தால் வெல்டிங்தான். பாலிஎத்திலீனை ஒட்ட முடியாது, ஆனால் உருக்கிச் சேர்க்க முடியும். 120 டிகிரியைத் தாண்டினால் இளகிவிடும். ஹாட் ஏர் கன் வைத்திருக்கும் பம்பர் வெல்டிங் கடைகளில் இதைச் செய்வார்கள். ஆனால் காரின் பம்பர் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், உங்கள் தொட்டி பாலிஎத்திலீன். இரண்டும் தண்ணீரில் மிதக்கும், பார்வைக்கும் ஒன்றுபோல இருக்கும், ஆனால் உருகிக் கலக்காது. அதனால் வேலையைத் தொடங்குமுன், மறைவான ஓரத்தில் அவரிடமிருக்கும் ராடை ஒரு சொட்டு உருக்கி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறிய பின் நெம்பினால் உரிந்து வந்தால் அது வேறு சரக்கு. பழைய இரும்புக்கடையில் கிடக்கும் உடைந்த சின்டெக்ஸிலிருந்து பட்டையாக அறுத்தெடுத்ததே பல சமயம் சரியான ராடாக அமைகிறது.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தொட்டி உள்ளும் புறமும் காய்ந்திருக்க வேண்டும். விரிசலின் இரு முனைகளிலும் 3 மில்லிமீட்டர் துளை போட வேண்டும். போடாவிட்டால் அடைத்த பிறகும் விரிசல் முனையிலிருந்து ஓடிக்கொண்டே இருக்கும். பிறகு விரிசல் நெடுக, சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் ஆழமாக வி வடிவத்தில் பள்ளம் சீவ வேண்டும். வெயிலில் வெளுத்த மேல்தோலையும் சுரண்டி எடுக்க வேண்டும்; அந்தத் தோல் உருகினாலும் சேராது. அடுத்துதான் சூடு. ராடு மட்டும் உருகினால் போதாது. கீழே பள்ளத்தின் பரப்பும் ஈரம் பட்டதுபோல் பளபளக்க வேண்டும். இரண்டும் பளபளக்கும் அந்த நேரத்தில் ராடை அழுத்தி வைத்தால்தான் ஒன்றோடொன்று கலக்கும். புகை வந்தால் சூடு அதிகம், பிளாஸ்டிக் கருகிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைச் சீவிவிட்டு மறுபடி தொடங்கச் சொல்லத் தயங்காதீர்கள். கை நுழையுமானால் உட்பக்கமும் ஒரு வரி ஓட்டுவது நல்லது. முடிந்ததும் அவசரத்தில் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்காமல், தானாக ஆறவிட வேண்டும்.

சில தொட்டிகள் இதற்கெல்லாம் தகுதி இழந்திருக்கும். சீவிய துண்டை விரலால் மடக்கும்போது சுருளாமல் பொட்டென்று ஒடிந்தால், வெயில் அதை முடித்துவிட்டது. வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல் விழும். அதற்குச் செலவழிக்காமல் புதுத் தொட்டி வாங்கிவிடுங்கள். எஃகுத் தொட்டி என்றால் ஆர்கான் வெல்டிங். ஃபைபர் தொட்டி என்றால் ரெசினும் ஃபைபர் பாயும். அந்த இரண்டும் வேறு கதை.

நடுவழியில் ஒழுகினால்? டிரைவர்கள் குளியல் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். அப்போதைக்கு நிற்கும். ஆனால் பாலிஎத்திலீனுக்கு அது ஆகாது. இழுவையில் இருக்கும் பாலிஎத்திலீனில் சோப்பும் டிடர்ஜென்டும் விரிசலை ஓடவைக்கும். பாலிஎத்திலீன் விரிசலைத் தாங்குமா என்று ஆய்வகத்தில் சோதிப்பதே, வளைத்துப் பிடித்த துண்டை டிடர்ஜென்ட் வகைக் கரைசலில் ஊறவைத்துத்தான். சுவர் தட்டையான இடத்தில் சின்ன ஓட்டை என்றால் இன்னொரு வழி உண்டு. அந்த ஓட்டையையே வட்டமாகப் பெரிதாக்கி, இரு பக்கமும் வாஷர் வைத்து ஒரு டேங்க் நிப்பிளை மாட்டி, வாயை எண்டு கேப்பால் மூடிவிடுங்கள். ஹார்டுவேர் கடை இருக்கும் எந்த ஊரிலும் இது முடியும். பல மாதம் தாங்கும்.

திராட்சைத் தோட்டக்காரர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டிப் பக்கம் கொடிக்கு மருந்தடிக்கத் தொட்டி வைத்திருக்காத வீடு குறைவு. மயில்துத்தமும் சுண்ணாம்பும் மட்டும் கலந்ததுதானே, கழுவிவிட்டால் போச்சு என்று அதை ஊருக்குப் போகும் வேனில் ஏற்றாதீர்கள். அதில் எப்போதாவது பூச்சிமருந்தும் கலந்திருந்தால், அதைப் பிளாஸ்டிக் உறிஞ்சி வைத்திருக்கும், கழுவினால் போகாது. அந்தத் தொட்டிக்குச் சூடு வைத்தால் வரும் புகையும் ஆபத்து. மருந்துத் தொட்டி மருந்துக்கே இருக்கட்டும்.

அடைத்த தொட்டியைத் திரும்ப மாட்டும்போது, பழைய ஆங்கிள் சட்டத்தின் மேல் தொட்டியின் அடிப்பரப்பு முழுக்கத் தாங்கும் அளவுக்குப் பிளைவுட் பலகையும், அதன் மேல் ரப்பர் விரிப்பும் போடுங்கள். கட்டுக்கம்பி வேண்டாம், லாரிக்காரர்களின் நாடா பெல்ட் போதும். ஓர் இரவு நிரப்பி வைத்துப் பாருங்கள். பிறகு லோயர்கேம்ப் வரை ஓட்டிப் போய் வந்து, இன்னொரு முறை பவுடர் தூவிப் பாருங்கள். நின்றபோது ஒழுகாதது ஓடும்போது ஒழுகலாம்.

கடைசியாகக் கிருமி நீக்கம். வெல்டிங் தூள், கை அழுக்கு எல்லாம் உள்ளே இருக்கும். 200 லிட்டர் தொட்டிக்கு 40 கிராம் புது பிளீச்சிங் பவுடரை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி முழுக்க நிரப்புங்கள். எல்லாக் குழாயையும் வாடை வரும் வரை திறந்து மூடிவிட்டு, 4 மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள். பிறகு வடித்துவிட்டு, வாடை போகும்வரை அலசிக் குடிநீர் நிரப்பலாம். சீசனில் கம்பம்மெட்டு வழியாக ஒருவழிப் பாதையில் ஏறப்போகிறவர்கள், கம்பத்திலேயே கழுத்து வரை நிரப்பிக்கொள்ளுங்கள். கூரைக் கேரியரில் தொட்டி வைத்திருப்பவர்கள் மட்டும் மலைக்குக் கீழே காலி செய்துவிட்டு, மேலே போய் நிரப்புங்கள்; வண்டியின் உச்சியில் 200 கிலோவைச் சுமந்துகொண்டு வளைவுகளில் திரும்பக் கூடாது.