குதிரை லாயத்தில் கூலியில்லா விருந்தாளிகள்

ஐஸ்லாந்தின் சுற்றுலாப் பண்ணைகளில் உழைப்புக்குப் பதில் சாப்பாடும் படுக்கையும். இது தொண்டா, வேலையா என்ற தகராறில் அதிகம் இழக்கக்கூடியவர் இந்தியாவிலிருந்து போகிறவர்தான்.

ஜூன் மாதத்தில் வடக்கு ஐஸ்லாந்தில் இரவு என்று ஒன்று கிடையாது. சூரியன் சிறிது நேரம் மறைந்தாலும் வெளிச்சம் போவதில்லை. குதிரைகளுக்குப் பேர்போன ஸ்காகாஃபியோர்தூர் பகுதியின் பண்ணைகளில் இதுதான் மும்முரமான பருவம். காலையில் மேய்ச்சல் வெளிக்குப் போய்க் குதிரைகளை ஓட்டிவர வேண்டும். உடம்பில் காய்ந்திருக்கும் சேற்றைத் தேய்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு காலாகத் தூக்கி, குளம்புக்குள் சிக்கிய கல்லைக் கொக்கியால் சுரண்ட வேண்டும். சேணம் பூட்டி, கடிவாளம் மாட்டி வரிசையாக நிறுத்துவதற்குள் சுற்றுலாப் பயணிகளின் வண்டி வந்துவிடும். ஆளுக்கேற்ற ஹெல்மெட், மழைக்கோட்டு, ஆளுக்கேற்ற குதிரை. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேணத்தில் உட்காருகிறவரின் முகத்தில் தெரியும் பயத்தைப் போக்குவதும் வேலையில் சேர்த்திதான். அவர்கள் கிளம்பிப் போனதும் லாயத்தில் லத்தி அள்ள வேண்டும். சில பண்ணைகளில் விருந்தினர் அறைகளின் படுக்கை விரிப்புகளும் காத்திருக்கும்.

இதையெல்லாம் செய்பவர்களில் பலர் ஐஸ்லாந்துக்காரர்கள் அல்ல. ஜெர்மனியிலிருந்தும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்தும் வருகிற, குதிரைப் பித்துப் பிடித்த இளம் பெண்கள் கணிசமானவர்கள். சிலர் முறையான சம்பளக்காரர்கள். சிலருக்குச் சம்பளம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு கட்டில், ஓய்வு நேரத்தில் இலவசச் சவாரி. இந்த இரண்டாவது வகையினருக்குப் பெயர் தன்னார்வத் தொண்டர். சிக்கலும் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1971இல் சூ காப்பர்ட் என்ற லண்டன் செயலாளருக்கு வார இறுதியில் நகரத்தை விட்டு ஓட வேண்டும் என்று தோன்றியது. கிராமத்தில் சொந்தபந்தமோ வசதியோ இல்லாதவர்கள் எங்கே போவது? சஸ்ஸெக்ஸ் வட்டாரத்தில் இயற்கை விவசாயம் செய்துவந்த எமர்சன் கல்லூரிப் பண்ணைக்குச் சிலரோடு போனார். களை பறித்தார்கள், சாப்பிட்டார்கள், திரும்பினார்கள். 'வூஃப்' என்ற இயக்கம் அப்படித்தான் பிறந்தது. ஆங்கிலத்தில் அதன் முதல் விரிவு 'இயற்கைப் பண்ணைகளில் வேலை செய்யும் வார இறுதிகள்' என்று பொருள்படும். பிறகு அது 'இயற்கைப் பண்ணைகளில் விருப்பத்தோடு உழைக்கும் தொழிலாளர்கள்' ஆயிற்று. அதன் பின்னர் 'தொழிலாளர்' என்ற சொல்லே கழற்றி எறியப்பட்டு 'உலகெங்கும் இயற்கைப் பண்ணைகளில் வாய்ப்புகள்' என்று மாறியது. சுருக்கம் மட்டும் அப்படியே நின்றது. தொழிலாளர் என்று சொன்னால் குடியேற்ற அதிகாரிகள் வேலை அனுமதி எங்கே என்று கேட்கிறார்கள். வாய்ப்பு என்றால் கேட்பதில்லை என்ற நம்பிக்கை. அதிகாரிகள் அவ்வளவு அப்பாவிகள் அல்ல என்பது பிறகு தெரிந்தது.

களை பறிப்பதோடு நின்றிருந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். 2000க்குப் பிறகு 'ஹெல்ப்எக்ஸ்', 'ஒர்க்அவே' போன்ற இணையதளங்கள் வந்தன. இயற்கை விவசாயம் என்ற வரம்பு போய்விட்டது. தங்கும் விடுதி, சிற்றுண்டிக் கடை, குதிரைச் சவாரி நிலையம் எல்லாமே தினம் நாலைந்து மணி நேரம் உழைக்கும் 'தொண்டர்களை' அழைக்க ஆரம்பித்தன.

ஐஸ்லாந்துக்கு அது தோதாக அமைந்தது. 2008இல் நாட்டின் பெரிய வங்கிகள் அடுத்தடுத்து விழுந்து, பணத்தின் மதிப்பு சரிந்தது. வெளிநாட்டாருக்கு ஐஸ்லாந்து மலிவாயிற்று. 2010இல் எய்யாஃப்யாட்லயோகுட்ல் எரிமலை சாம்பலைக் கக்கி ஐரோப்பிய விமானங்களை நிறுத்தியபோது உலகம் முழுக்க அந்தத் தீவின் படங்கள் பரவின. அந்த ஆண்டு ஐந்து லட்சத்தைத் தொடாத பயணிகள் எண்ணிக்கை 2018இல் 23 லட்சம். தீவின் மக்கள் தொகையோ அப்போது மூன்றரை லட்சம். விருந்தாளிகளைக் கவனிக்க ஆள் போதவில்லை.

வருகிறவர்களை இழுப்பதில் குதிரைக்குப் பெரிய பங்கு உண்டு. ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டுகளில் குடியேறியவர்கள் கப்பலில் கொண்டுவந்த இனத்தின் வழித்தோன்றல்கள் இவை. பல நூற்றாண்டுகளாக வெளி ரத்தம் கலக்கவில்லை. உருவத்தில் சிறியது, ஆனால் அதைக் 'குட்டைக் குதிரை' என்று சொன்னால் பண்ணைக்காரர் முகம் சுளிப்பார். உலகத்துக் குதிரைகள் பெரும்பாலும் நடை, பெருநடை, பாய்ச்சல் என்று போகும். ஐஸ்லாந்துக் குதிரைக்கு இவை தவிர 'டொல்ட்' என்ற நடையும், பலவற்றுக்கு 'ஸ்கேய்த்' என்ற வேக நடையும் உண்டு. டொல்ட்டில் ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருப்பதால் குலுக்கலே இல்லை. கையில் பீர் கோப்பை ததும்பாமல் சவாரி செய்து காட்டுவது அங்கே ஒரு வேடிக்கைப் போட்டி.

வெளிநாட்டுக் குதிரை எதுவும் தீவுக்குள் வர முடியாது. ஒரு முறை வெளியே போன ஐஸ்லாந்துக் குதிரையும் திரும்ப முடியாது. சர்வதேசப் போட்டிக்குப் போகிற வீரர் தன் குதிரையை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வர வேண்டும். தனித்து வாழ்ந்த இனத்துக்கு நோய் எதிர்ப்பு குறைவு என்பதே காரணம். 2010இல் ஒரு தொற்று இருமல் நாடெங்கும் பரவி, அந்த ஆண்டு நடக்க வேண்டிய தேசிய குதிரைத் திருவிழாவையே அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க நேர்ந்தது. அதனால், தொண்டு செய்யப் போகிறவர் தான் பழகிய சேணத்தையும் கையுறையையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். வேறு நாட்டுக் குதிரைகளோடு புழங்கிய தோல் சாமான்களுக்கு அனுமதி இல்லை. உடுப்புகளைத் துவைத்துக் கிருமி நீக்கியாக வேண்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு மணி நேரச் சவாரிக்குக் கட்டணம் சுமார் பத்தாயிரம் குரோனா, நம் பணத்தில் ஆறேழாயிரம் ரூபாய். எட்டுப் பேர் கிளம்பினால் அரை லட்சம் ரூபாய்க்குக் குறையாது. அந்த எட்டுக் குதிரைகளையும் தயார் செய்து, முன்னும் பின்னும் போய்ப் பத்திரமாகக் கூட்டிவந்தவருக்குக் கிடைப்பது ஆட்டிறைச்சிச் சூப்பும் ரொட்டியும். இதைப் பார்த்துத்தான் ஐஸ்லாந்துத் தொழிற்சங்கங்களுக்கு ரத்தம் கொதித்தது.

அங்கே தொழிற்சங்கம் என்பது ஓரமாக நின்று கோஷம் போடும் அமைப்பு அல்ல. உழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் உறுப்பினர்கள். 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிக்கும் கூட்டு ஒப்பந்தத்தின் ஊதியமே அந்தத் தொழிலில் எல்லோருக்கும் குறைந்தபட்ச ஊதியம். அதற்குக் குறைவாகத் தனி ஒப்பந்தம் போட்டால் செல்லாது. உழைப்பவரே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாலும் செல்லாது. 2016இல் தொழிலாளர் கூட்டமைப்பான ஏ.எஸ்.ஐ. வெளிநாட்டு உழைப்பாளிகளையும் இளைஞர்களையும் ஏமாற்றுவதற்கு எதிராக இயக்கம் ஒன்றைத் தொடங்கியபோது, 'தொண்டர்' விளம்பரங்களும் அதில் அகப்பட்டன. கூட்டமைப்பின் வாதம் எளிமையானது. லாபத்துக்காக நடக்கிற தொழிலில் தொண்டுக்கு இடமில்லை. மீட்புப் படையிலோ, செஞ்சிலுவைச் சங்கத்திலோ தொண்டு செய்யுங்கள். பயணியிடம் காசு வாங்குகிற லாயத்தில் செய்வது வேலை, வேலைக்குச் சம்பளம்.

ஐஸ்லாந்து மொழியில் தொண்டருக்கான சொல்லைப் பிரித்தால் 'தன்னைத் தானே அளிக்க முன்வந்த படையாள்' என்று வரும். தமிழில் நமக்கு இன்னும் கறாரான சொற்கள் இருக்கின்றன. விரும்பிச் செய்தால் தொண்டு. கூலியில்லாமல் செய்ய வேண்டியிருந்தால் 'வெட்டி'. சோழர் காலக் கல்வெட்டுகளிலேயே இருக்கிற சொல் இது. வெட்டி வேலை என்று இன்று சலித்துக்கொள்வதன் பின்னால் அந்தப் பழைய கட்டாய உழைப்பு நிற்கிறது. லாயத்தில் நிற்கும் பெண் விரும்பித்தான் வந்தாள். ஆனால் அவள் இடத்தில் சம்பளத்துக்கு வந்திருக்கக்கூடிய இன்னொருத்திக்கு அந்த விருப்பமே வேலையைப் பறிக்கிறது. சங்கங்கள் பிடித்துக்கொண்ட நுனி இதுதான்.

பண்ணைக்காரர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பயணிகள் குவிவது கோடையில் சில மாதங்கள்தான். குதிரைகள் பன்னிரண்டு மாதமும் தின்கின்றன. இரண்டு பேர் வாழும் குடும்பப் பண்ணைக்கு ஒப்பந்த ஊதியம் பெரிய சுமை. தவிர, கிராமத்தில் கைமாற்று உழைப்பு புதிதல்ல. கோடை முழுக்க மலைகளில் திரியும் ஆடுகளையும் குதிரைகளையும் செப்டம்பரில் ஒன்றுதிரட்டி இறக்கி, வட்டமான பட்டிகளில் அடைத்து, அவரவர் கால்நடையைப் பிரித்துக்கொள்ளும் 'ரியெத்திர்' விழாவுக்கு அக்கம்பக்கத்தார் அத்தனை பேரும் வருகிறார்கள். யாரும் கூலி கேட்பதில்லை. ஸ்காகாஃபியோர்தூரில் செப்டம்பர் கடைசியில் நடக்கும் குதிரைத் திரட்டு நாடறிந்த கொண்டாட்டம். பாட்டும் மதுவுமாக விடியும்.

ஆனால் அந்த அண்டை வீட்டுக்காரருக்கு நாளை இவர் போய் உதவுவார். ஸ்டட்கார்ட்டிலிருந்து வந்தவருக்கு யார் போய் உதவப் போகிறார்கள்? அந்தத் திரட்டிலேயே இப்போது கட்டணம் கட்டிக் குதிரையேறும் பயணிகளும் கலந்துகொள்கிறார்கள் என்கிறபோது, பழைய வழக்கம் என்ற வாதம் பாதி வலுவிழக்கிறது.

சம்பளத்தைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. இந்தக் குதிரைகள் 350 கிலோவைத் தொடும். மிகச் சாதுவான இனம்தான். என்றாலும் உதைத்தால் எலும்பு தாங்காது. ஊதியக்காரருக்கு அடிபட்டால் மருத்துவ விடுப்பும் விபத்துக் காப்பீடும் ஒப்பந்தப்படி வரும். தொண்டர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. விடுப்பு யார் தருவது, செலவு யார் ஏற்பது என்பதெல்லாம் பண்ணைக்காரரின் நல்ல மனதைப் பொறுத்தது.

ஜெர்மன் பெண்ணுக்குத் தகராறு இந்த அளவோடு முடிகிறது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியின் குடிமக்கள் ஐஸ்லாந்தில் அனுமதியின்றி வேலை செய்யலாம். அவளுக்குச் சட்டம் சொல்வது 'நீ சம்பளம் வாங்கியிருக்க வேண்டும்' என்பதுதான். சங்கத்துக்குப் போனால் பாக்கியைக்கூட வசூலித்துத் தருவார்கள். அதே லாயத்தில், அதே முள்கரண்டியால் லத்தி அள்ளும் இந்தியருக்குச் சட்டம் சொல்வது 'நீ இந்த வேலையைத் தொட்டிருக்கவே கூடாது'. ஐஸ்லாந்து ஷெங்கன் நாடு. சுற்றுலா விசாவில் போகிறவருக்கு வேலை செய்ய உரிமை இல்லை. சாப்பாடும் தங்குமிடமும் ஊதியமாகக் கருதப்பட்டால், பிடிபட்டவர் திருப்பி அனுப்பப்படலாம். ஷெங்கன் நாடுகளின் கதவுகள் சில ஆண்டுகள் மூடப்படலாம். தொண்டர்களுக்கென்று தனி வசிப்பு அனுமதி ஐஸ்லாந்தில் உண்டு. அது அறப்பணி, மனிதாபிமான அமைப்புகளில் பணியாற்றப் போகிறவர்களுக்கு. சவாரி நிலையத்துக்கு அல்ல.

ஐஸ்லாந்து மட்டும் இப்படிக் கறாராக இருக்கவில்லை. நியூசிலாந்தின் குடியேற்றத் துறை, சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் உழைப்பதை வேலை என்றே கொள்கிறது. வேலைக்கு இடம்தரும் விசா வேண்டும். பிரிட்டனில் சுற்றுலா விசாவில் வந்தவர் பதிவுபெற்ற அறக்கட்டளைக்கு மட்டுமே, அதுவும் அதிகபட்சம் 30 நாள், தொண்டு செய்யலாம்.

நேர்வழி ஒன்று 2024இல் திறந்திருக்கிறது. இந்தியாவோடு செய்துகொண்ட வர்த்தக ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக ஆஸ்திரேலியா, 'வேலையும் விடுமுறையும்' விசாவை 18 முதல் 30 வயதுவரையுள்ள இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பேர் என்ற கணக்கில் தருகிறது. விண்ணப்பிக்கவே குலுக்கலில் பெயர் வர வேண்டும். வந்தால் பண்ணையிலோ குதிரை லாயத்திலோ பகிரங்கமாகச் சம்பளத்துக்கு உழைக்கலாம். இரண்டாம் ஆண்டும் தங்க விரும்புகிறவர் குறிப்பிட்ட பகுதிகளில், குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம் வேலை செய்திருக்க வேண்டும். முன்பெல்லாம் இத்தகைய விசாக்காரர்கள் பண்ணையில் செய்த சம்பளமில்லாத தொண்டையே இந்தக் கணக்கில் காட்ட முடிந்தது. ஏமாற்றுகிற பண்ணைகளைப் பற்றிய புகார்கள் குவிந்ததால் 2015இல் அது நிறுத்தப்பட்டது. இப்போது அதிகாரிகள் கேட்பது சம்பளச் சீட்டு.