கடைக்கு வயரிங் செய்தவரிடம் சான்றிதழ் இருக்கிறதா?

மல்லாங்கிணற்றில் ஒரு புதுக் கடை எழும்பினால் டைல்ஸ் எந்தக் கம்பெனி, ஷட்டர் என்ன கனம் என்று நாலு பேரிடம் விசாரிக்கிறோம். வயரிங் மட்டும் ‘நம்ம பையன்தான், ரொம்ப வருஷமா பார்க்கிறான்’ என்ற பேச்சோடு முடிந்துவிடுகிறது. அந்தப் பையன் கைவேலையில் கெட்டிக்காரனாகவே இருக்கட்டும். ஆனால் ஜவுளிக்கடை, மருந்துக்கடை, கல்யாண மண்டபம் என்று நாலு பேர் வந்துபோகும் இடத்தில் மின்வேலை யார் செய்யலாம் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

1956-ம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 45-வது விதியாக இருந்தது அது. 2003 மின்சாரச் சட்டம் வந்த பிறகு மத்திய மின்சார ஆணையத்தின் 2010 பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில் இடம்பிடித்து, இப்போது நடப்பிலுள்ள 2023 ஒழுங்குமுறைகளிலும் தொடர்கிறது. மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலையை எடுக்க வேண்டும். தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரடியாகக் கண்காணிக்க வேண்டும். வயர் இழுப்பவரிடமும் சான்றிதழோ பெர்மிட்டோ இருக்க வேண்டும். பல்பு, ஃபேன், பியூஸ், சுவிட்ச் மாற்ற இதெல்லாம் தேவையில்லை. புது லைன் இழுப்பதும், ஏ.சி.க்காக லோடு கூட்டுவதும், மெயின் போர்டை மாற்றுவதும் இதற்குள் வரும்.

தமிழ்நாட்டில் இந்தச் சான்றிதழ்களைத் தருவது மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ. முடித்தவர் அதற்கு விண்ணப்பிக்கலாம், ஐ.டி.ஐ. படிப்பே அந்தச் சான்றிதழ் ஆகிவிடாது. ‘ஈ.பி.காரங்க வந்து பார்த்துட்டுத்தானே மீட்டர் மாட்டினாங்க’ என்று நிம்மதியாக இருக்கும் கடைக்காரர்களும் உண்டு. மீட்டருக்கு உள்ளே, சுவருக்குள் ஓடும் வயருக்கும் பெட்டிக்கும் கடைக்காரர்தான் பொறுப்பு.

இங்கே ஊரறிந்த ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வயரிங்கை ஒருவர் செய்கிறார். இணைப்புக்கான சான்றில் உரிமம் உள்ள வேறொருவர் காசு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார். கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதுகூட அவருக்குத் தெரியாது. இதைச் சின்ன ஒத்தாசையாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. சோதனையே நடக்காத இடத்தில் ‘சோதித்தேன்’ என்று எழுதுவது, ஆளைப் பார்க்காமலே ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கொடுப்பதற்குச் சமம்.

சோதனை என்றால் டெஸ்டரை வைத்து லைட் எரிகிறதா என்று பார்ப்பதல்ல. மெக்கர் என்ற கருவியால் 500 வோல்ட் டி.சி. கொடுத்து, வயருக்கும் எர்த்துக்கும் நடுவே ஒரு நிமிடம் அளக்க வேண்டும். இன்சுலேஷன் குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும். சுவருக்குள் எலி கடித்த வயரையும், ஆணி இறங்கிய பைப்பையும் கண்ணால் பார்க்க முடியாது, மெக்கர் காட்டிக்கொடுக்கும்.

எர்த் விஷயத்தில் நம் ஊர்க்காரர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கரிசல் மண் ஈரமாக இருந்தால் மின்சாரத்தை நன்றாக உள்வாங்கும். சித்திரை, வைகாசியில் அதே மண் பாளம் பாளமாக வெடித்து, எர்த் பைப்பை விட்டு விலகிவிடும். ஐப்பசி மழையில் அளந்து ‘நல்லா இருக்கு’ என்று எழுதிய கணக்கு கோடையில் செல்லாது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதோடு நிறுத்தாமல், வெயில் உச்சத்தில் இருக்கும்போது எர்த் டெஸ்டரால் ஒருமுறை அளக்கச் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்று பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வழியில் எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஃப்ரிட்ஜின் உடம்பே ஷாக் அடிக்கும்.

இன்னொரு கைவைத்தியம்: எம்.சி.பி. அடிக்கடி விழுகிறதா, 16 ஆம்பியரைக் கழற்றிவிட்டு 32 போடு என்பது. வயர் பழைய ஒன்றரை ஸ்கொயர் எம்.எம்.தான். இனி எம்.சி.பி. விழாது, அதற்குப் பதில் வயர் சூடாகி உருகும். எம்.சி.பி. காப்பது வயரை. ஆளைக் காப்பாற்ற, மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். அதில் ‘டெஸ்ட்’ பட்டன் இருக்கிறது. மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். உடனே விழாவிட்டால் அது வெறும் பெட்டி.

2024 டிசம்பர் 12 இரவு, திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் எலும்பு முறிவு மருத்துவமனையில் பிடித்த தீயில் ஒரு சிறுமி உட்பட 6 பேர் இறந்தார்கள். மின்கசிவுதான் காரணமாக இருக்கும் என்று முதலில் சொல்லப்பட்டது. ஒவ்வொரு தீக்கும் பிறகு இப்படித்தான் செய்தி வருகிறது. எந்த இணைப்பு, போட்டவர் யார், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று அதற்கு மேல் நாம் யாரும் கேட்பதில்லை.

நம் மாவட்டத்தில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் இன்னும் கவனம் கேட்பவை. தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு 2008 வெடிபொருள் விதிகளின் 84-வது விதி பொருந்தும். லைட்டைச் சுவரிலோ கூரையிலோ பொருத்த வேண்டும். வயரில் தொங்கவிடக் கூடாது. சுவிட்ச் சுவரில் ஆடாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு கடை வரிசைக்கும் ஒரு மாஸ்டர் சுவிட்ச் வேண்டும். சரவிளக்கு தொங்கும் பட்டாசுக் கடையைப் பார்த்தால், வாங்க வந்தவரும் தட்டிக்கேட்கலாம்.

மின்விபத்து நடந்தால், மின்சாரச் சட்டத்தின் 161-வது பிரிவின்படி, உயிரிழப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள்ளும் காயம் என்றால் 48 மணி நேரத்துக்குள்ளும் மின் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அவருடைய விசாரணையின் முடிவுதான் பிறகு நஷ்டஈடு கேட்க ஆதாரம் ஆகும். அதனால் அவர் வருமுன் எரிந்த வயரைக் கழற்றிப் போடாதீர்கள். மின்வாரியப் பக்கக் கோளாறு என்றால் அவர்களின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. காசு வாங்கிக்கொண்டு அரைகுறையாக வேலை செய்தவர் மீது 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அங்கே போக ரசீது வேண்டும். ஆகவே முழுப் பணத்தையும் தருமுன் உரிம எண் போட்ட பில்லையும், அளந்த எண்கள் எழுதிய டெஸ்ட் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.

சான்றிதழ் இல்லாத நம்ம பையனை வேலையை விட்டு விரட்ட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை மின்கம்பியாள் உதவியாளர் தகுதித் தேர்வு நடத்துகிறது. 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் 5 ஆண்டு அனுபவம் இருப்பவர்கள் எழுதலாம். அனுபவச் சான்றில் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமலே பலர் நின்றுவிடுகிறார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருக்கும் ஒப்பந்ததாரர்கள் அதைத் தாமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். கடைக்காரர்களும் ஒப்பந்ததாரர்களிடம் அதைக் கேட்டு வாங்கித் தரலாம்.